100 கெஜத்தில் அரை எம்.ஓ.ஏ., 1000 கெஜத்தில் சிதறல்: துல்லியம் எங்கே தொலைகிறது?

மார்ச் 3, கேள்வி

"என் .308 (அங்குலக் குண்டு) ரைஃபிள் 100 கெஜத்தில் அரை எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சுடுகிறது. அந்தக் கணக்கில் 1000 கெஜத்தில் 13 செ.மீ. குரூப் (குண்டுத் துளைகளின் பரவல்) வர வேண்டும். வருவதோ 60 செ.மீ.க்கு மேல். பேரலை (துப்பாக்கிக் குழலை) மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். எது வாங்கலாம்?"

மார்ச் 3, இரவு

பேரலை இப்போது தொடாதீர்கள். 100 கெஜத்தில் அரை எம்.ஓ.ஏ. தரும் பேரல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் கணக்கில், கோணம் மாறாமல் அப்படியே இலக்கு வரை போய்ச் சேரும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பேரலால் வரும் சிதறலுக்கு அது ஏறக்குறைய சரி: தூரம் பத்து மடங்கானால் சிதறலும் பத்து மடங்கு. ஆனால் மற்ற பிழைகள் அந்த விகிதத்தில் வளர்வதில்லை. 4.5 மீ/வினாடி வேகத்தில் அடிக்கும் குறுக்குக் காற்று ஒரு .308 குண்டை 100 கெஜத்தில் 2 செ.மீ. அளவுக்கு விலக்கும். அதே காற்று 1000 கெஜத்தில் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் விலக்கும். தூரம் பத்து மடங்கு, விலகல் நூறு மடங்குக்கும் மேல். 100 கெஜத்தில் சுட்டுக்கொண்டிருக்கும் வரை இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது.

ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அந்த 60 செ.மீ.யில் மேல்-கீழ் எவ்வளவு, இடம்-வலம் எவ்வளவு? அது தெரியாமல் யார் என்ன ஆலோசனை சொன்னாலும் குத்துமதிப்புதான்.

மார்ச் 4

அவர் பதில்: மேல்-கீழ் 45, இடம்-வலம் 55 செ.மீ. நல்லது, இதை வைத்துப் பேசலாம்.

நீண்ட தூரத்தில் நான் முதலில் பார்ப்பது குரூப்பின் அளவை அல்ல, அதன் வடிவத்தை. இடம்-வலமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் காற்று. மேல்-கீழாக நீண்டிருந்தால் முதலில் குண்டின் வேகம், அடுத்தது சுடுபவர் ரைஃபிளைப் பிடிக்கும் விதம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வட்டமாக இருந்தால்தான் பேரல், பெடிங் (ரைஃபிள் அதன் கட்டையில் பொருந்தி உட்காரும் விதம்), குண்டின் தரம் என்று போக வேண்டும். உங்களுடையது வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும், 13 செ.மீ. சிதறல் இப்படி வீங்குவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் வேலை செய்வதாகத் தோன்றுகிறது.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

வேகத்தின் கணக்கு. 175 கிரெய்ன் (சுமார் 11.3 கிராம்) குண்டு 790 மீ/வினாடி வேகத்தில் பேரலை விட்டுக் கிளம்பினால், 1000 கெஜத்தில் சுமார் 10 மீட்டர் இறங்குகிறது. ஸ்கோப்பை உயர்த்தி அதை ஈடுகட்டிவிடுகிறோம். ஆனால் எல்லாத் தோட்டாவும் அதே 790இல் கிளம்பினால்தான் ஈடு சரியாக வரும். 3 மீ/வினாடி குறைந்தால் குண்டு சுமார் 8 செ.மீ. கீழே விழும். 100 கெஜத்தில் இதே வேறுபாடு அரை மில்லிமீட்டர். காகிதத்தில் அதை யாராலும் பார்க்க முடியாது.

உங்கள் தோட்டாக்களின் வேகத்துக்குத் திட்டவிலக்கம் 5 மீ/வினாடி என்று வையுங்கள். பத்துத் தோட்டா சுட்டால் அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இடையில் சராசரியாக 15 மீ/வினாடி இடைவெளி வரும். அது மட்டுமே 40 செ.மீ. மேல்-கீழ். உங்கள் 45இல் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடலாம். பேரல் வாங்கும் பணத்தை வைத்துவிட்டு, முதலில் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

மார்ச் 6

"சிறிய பிழை, பெரிய பிழை எல்லாமே பிழைதானே, எதைக் குறைத்தாலும் லாபம்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. இது எண்களை வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

தனித்தனியான பிழைகள் நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ரைஃபிள் 13, வேகம் 25, காற்றைத் தவறாகக் கணிப்பது 40 செ.மீ. என்று தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 49. இப்போது உலகின் தலைசிறந்த பேரலை வாங்கி ரைஃபிளின் பங்கைப் பாதியாக்குகிறீர்கள்: 6.5. மொத்தம் 47.6. பெரும் செலவுக்கு ஒன்றரை செ.மீ.கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் காற்றுப் பிழையைப் பாதியாக்கினால் மொத்தம் 34.6.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை எதுவோ அது மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. நீண்ட தூரம் சுடுபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான். எளிதில் கடையில் வாங்கக்கூடிய பொருள் எதுவோ அதையே நாம் குறையாகப் பார்க்கிறோம். காற்றைக் கணிக்கும் திறன் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் அது பேச்சில் வருவதே இல்லை.

மார்ச் 7

சரி, காற்று.

காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடப்பது வேறு. சுழன்று செல்லும் குண்டு தன் மூக்கைத் தன்னை நோக்கி வரும் காற்றோட்டத்தின் பக்கம் லேசாகத் திருப்பிக்கொள்கிறது. அதன் பிறகு காற்றுத் தடை அந்தச் சாய்ந்த அச்சின் வழியே பின்னோக்கி இழுக்கிறது. அந்த இழுவையில் ஒரு சிறு பகுதி பக்கவாட்டில் அமைகிறது. அதுதான் விலகல். ஆகவே விலகலைத் தீர்மானிப்பது பறக்கும் நேரம் அல்ல, தடையால் இழந்த நேரம்.

கணக்கு எளிது. 1000 கெஜம் என்பது 914 மீட்டர். தடையே இல்லாவிட்டால் 790 மீ/வினாடியில் 1.16 வினாடி. உண்மையில் ஆவது சுமார் 1.7 வினாடி. தாமதம் 0.54 வினாடி. குறுக்குக் காற்றின் வேகமான 4.5ஆல் பெருக்குங்கள்: 2.4 மீட்டர். முதல் நாள் நான் எழுதிய இரண்டரை மீட்டர் இதுதான்.

இதை நம்பாதவர்களுக்கு .22 ரிம்ஃபயர் என்ற சிறிய, சக்தி குறைந்த தோட்டா நல்ல சாட்சி. ஒலியை மிஞ்சும் வேகத்தில் கிளம்பும் .22 தோட்டா இலக்கை முன்னதாகவே அடையும், ஆனாலும் மெதுவாகச் செல்லும் தோட்டாவை விட அதிகமாக விலகும். ஒலிவேகத்தை ஒட்டித் தடை திடீரென உயர்வதால், வேகமான தோட்டா இழக்கும் நேரம்தான் அதிகம். போட்டிக்கான .22 தோட்டாக்கள் ஒலிவேகத்துக்குக் கீழே வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ச் 7, இரவு

மேலே எழுதியதன் நடைமுறைப் பொருள்: .308இல் 1000 கெஜத்தில், காற்றில் அரை மீ/வினாடி தவறாகக் கணித்தால் 25 செ.மீ.க்கு மேல் விலகும். எஃப்-கிளாஸ் (ஸ்கோப்பும் தாங்கியும் வைத்து நீண்ட தூரம் சுடும்) போட்டி இலக்கில் நடு எக்ஸ் வட்டம் 5 அங்குலம், அதற்கு அடுத்த வட்டம் 10 அங்குலம். அதாவது மையத்திலிருந்து ஒரு பக்கம் 12.7 செ.மீ. அந்த வட்டத்துக்குள் நிற்க, காற்றைக் கால் மீ/வினாடிக்கும் குறைவான பிழையில் கணிக்க வேண்டும். முகத்தில் படும் காற்றை வைத்து அவ்வளவு நுட்பமாகச் சொல்லவே முடியாது. அதனால்தான் கொடிகளும் கானலும்.

மார்ச் 9

"45 பாகையில் அடிக்கும் காற்றுக்குப் பாதி மதிப்பு போட்டால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி இல்லை, 0.7. பாதி மதிப்பு வருவது 30 பாகையில். 45க்குப் பாதி போட்டால், 4.5 மீ/வினாடிக் காற்றில் அரை மீட்டர் அளவுக்குத் தவறும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நேர் எதிரேயிருந்தோ நேர் பின்னாலிருந்தோ அடிக்கும் காற்றைச் சாதுவானது என்று நினைக்கிறோம். ஆனால் காற்றில் குறுக்காகும் பங்கு அது வரும் கோணத்தின் சைன் அளவு, அந்தச் சைன் வளைவு சுழியத்துக்குப் பக்கத்தில்தான் மிகச் செங்குத்தாக ஏறுகிறது. எதிர்க்காற்று பத்துப் பாகை திரும்பினாலே 17 சதவீதம் குறுக்குக் காற்றாகிவிடும். 90 பாகையில் அடிக்கும் காற்று அதே பத்துப் பாகை திரும்பினால் ஒன்றரை சதவீதம்தான் மாறும். நான் மிகவும் அஞ்சுவது பின்னாலிருந்து இடமும் வலமுமாக வாலாட்டும் காற்றைத்தான். ஒரு குண்டு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று போகும்போது பலர் ரைஃபிளைச் சந்தேகிக்கிறார்கள்.

மார்ச் 10

கானல் பற்றிக் கேட்டவருக்கு. தரையின் வெப்பத்தால் காற்று அலையலையாக எழும்புவதை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தனியாக நிறுத்திவைத்துப் பார்க்கும் தொலைநோக்கியில்) பார்க்கலாம். ஸ்கோப்பை இலக்கில் குவிக்காமல், அதற்கு முன்னால், பாதிக்கு மேல் முக்கால் தூரத்துக்குள் குவியுங்கள். அலைகள் வாய்க்கால் தண்ணீர் போல இடமோ வலமோ ஓடுவது தெரியும். மெல்லிய காற்றில் அலை சாய்ந்து நடக்கும், காற்று கூடக் கூடப் படுத்துவிடும். 5 மீ/வினாடியைத் தாண்டினால் முழுக்கத் தட்டையாகிவிடும், அதற்கு மேல் கானலால் வேகத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது கொடியைப் பாருங்கள்.

அலைகள் ஓடாமல் நேராக மேலே கொதிப்பது போலத் தெரிந்தால் குறுக்குக் காற்று இல்லை என்று பொருள். அதை அமைதி என்று எண்ணிச் சுடாதீர்கள். பெரும்பாலும் காற்று திசை மாறும் கணம் அது. கொதிப்பு முடிந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் சுடுவதே என் பழக்கம்.

பேரல் சூடானதும் அதிலிருந்தே ஒரு கானல் எழுந்து ஸ்கோப்பின் முன்னால் படம் ஆடும். பேரலின் மேல் நீளவாக்கில் ஒரு துணிப்பட்டை கட்டினால் தீர்ந்தது.

மார்ச் 11

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: எந்த இடத்துக் காற்று முக்கியம்? சிலர் சுடும் இடத்துக் காற்றுதான் என்கிறார்கள், சிலர் இலக்குக்கு அருகில் குண்டு மெதுவாகப் போவதால் அங்குள்ள காற்று என்கிறார்கள்.

தொடக்கத்தில் குண்டு கொஞ்சம் திரும்பினாலும் மீதித் தூரம் முழுவதும் அந்தக் கோணத்தோடு போகிறது. இலக்குக்கு அருகில் திரும்பினால், திரும்பியது விலகலாக மாற இடமே இல்லை. மறுபக்கம், மெதுவாகப் போகும் குண்டு அதே காற்றில் அதிகம் திரும்புகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், .308க்கு 1000 கெஜத்தில், நடுவழியில் உள்ள ஒவ்வொரு மீட்டர் காற்றுக்கும் சுடும் இடத்துக் காற்றின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வருகிறது. முக்கால் தூரத்தில் பாதியை நெருங்குகிறது. இலக்கை ஒட்டிச் சுழியம்.

ஆக, இலக்கின் மேலே பறக்கும் பெரிய கொடியைப் பார்த்துச் சுடுபவர்கள் மிகக் குறைவாகப் பொருட்படுத்த வேண்டிய காற்றைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். இன்னொன்று, குண்டு தரையை ஒட்டிப் போவதில்லை. 1000 கெஜப் பாதையின் உச்சத்தில் பார்வைக் கோட்டுக்கு மேலே மூன்றரை மீட்டர் அளவுக்கு எழும்பி இறங்குகிறது. அந்த உயரத்தில் காற்று வேகமாக வீசும். புல் அசைவதை வைத்து மட்டும் கணித்தால் குறைவாகத்தான் வரும்.

மார்ச் 15

கேட்டவர் குரோனோகிராஃப் எண்களைப் போட்டிருக்கிறார். திட்டவிலக்கம் 4.6 மீ/வினாடி. மேல்-கீழ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. தோட்டாவைத் தானே தயாரிக்கும்போது வெடிமருந்தைக் கொள்ளளவால் அளந்து போடுவதில்லை, ஒவ்வொன்றாக எடை நிறுத்துதான் போடுகிறேன் என்கிறார். சரி, அப்படியானால் அடுத்தது கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூட்டின்) கழுத்து. சில முறை சுட்ட பித்தளை இறுகிவிடும். ஒரு கேஸ் குண்டை இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் பிடிக்கும். சூடாக்கிப் பதப்படுத்திய கேஸ்களைத் தனியாக வையுங்கள், மற்றவற்றை எத்தனை முறை சுட்டது என்பதன்படி பிரித்து வையுங்கள். வெவ்வேறு தயாரிப்புக் கேஸ்களைக் கலக்கவே கூடாது, உள் கொள்ளளவு வேறு.

சுட்டுச் சூடேறிய அறையில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில்) தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருப்பவர்கள் கவனிக்க: அறையின் சூடு மருந்துக்கு ஏறினால் அழுத்தமும் வேகமும் கூடும். காத்திருக்க வேண்டுமானால் தோட்டாவை வெளியே வைத்துக் காத்திருங்கள். சுடத் தயாரான பிறகு உள்ளே தள்ளுங்கள்.

மார்ச் 16

மூன்று தோட்டா குரூப்புகளின் படங்களை ஒருவர் வரிசையாகப் போட்டு, "இந்த மருந்து அளவுதான் சிறந்தது, பக்கத்தில் உள்ளது மோசம்" என்கிறார். வேறுபாடு 1.2 செ.மீ.க்கும் 2 செ.மீ.க்கும். இது எதையும் நிரூபிக்கவில்லை.

ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, எந்த மாற்றமும் இல்லாமல் சுட்டாலும் மூன்று தோட்டா குரூப்புகள் இந்த அளவுக்கு ஏறி இறங்கும். குரூப்பின் சராசரி அகலம் தோட்டா எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும்: ஒரு அச்சில் சிதறலின் திட்டவிலக்கத்தை ஒன்று என்று வைத்தால், மூன்று தோட்டாவுக்கு 2.4, ஐந்துக்கு 3.07, பத்துக்கு 3.8. ஆக, மூன்று தோட்டாவில் அரை எம்.ஓ.ஏ. காட்டும் ரைஃபிள் பத்துத் தோட்டாவில் சராசரியாக 0.8 காட்டும். ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, முன்பு பார்த்தது அதன் முழு முகம் இல்லை.

அதிலும் நாம் பையில் வைத்துக்கொண்டு திரிவது எப்போதும் மிகச் சிறிய குரூப்பின் காகிதத்தை. மருந்தின் அளவைச் சிறுகச் சிறுக ஏற்றி, 'நல்ல இடம்' தேடும் முறையை நானும் பல காலம் ஈடுபாட்டோடு செய்திருக்கிறேன். இப்போது, இருபது தோட்டாவுக்குக் குறைவான ஒப்பீட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. இதனால் தோட்டா செலவாகும் என்பது உண்மை. தப்பான முடிவின் மேல் ஒரு பருவம் முழுவதும் சுடுவதில் ஆகும் செலவு இன்னும் அதிகம்.

மார்ச் 3 கேள்வியில் உள்ள அரை எம்.ஓ.ஏ. எத்தனை தோட்டா குரூப் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவைக்கிறேன்.

மார்ச் 17

மூன்று தோட்டாவாம். சரி.

மார்ச் 21

மார்ச் 4இல் எழுதியதைத் திருத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்-கீழ் என்றால் வேகம், இடம்-வலம் என்றால் காற்று என்பது முதல் பார்வைக்கு. அதற்கு விலக்குகள் உண்டு.

ஒன்று, குறுக்குக் காற்று குண்டை மேலும் கீழும்கூட நகர்த்தும். பேரலை விட்டு வெளியே வந்ததும் குண்டு காற்றுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது, வலப்பக்கம் சுழலும் ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் திருகுப் பள்ளங்களில்), வலமிருந்து வரும் காற்று குண்டைச் சற்று ஏற்றும், இடமிருந்து வருவது இறக்கும். ஆகவே காற்று மாறி மாறி அடிக்கும் நாளில் குரூப் படுக்கையாக இல்லாமல், கடிகாரத்தில் 10 மணியிலிருந்து 4 மணிக்குச் சாய்ந்து கிடக்கும். அப்படிச் சாய்ந்த குரூப்பைப் பார்த்தால் மருந்தை மாற்றாதீர்கள்.

இரண்டு, ரைஃபிள் சாய்வு. 1000 கெஜத்தில் 10 மீட்டருக்கு ஈடாக ஸ்கோப்பை உயர்த்திவைத்திருக்கிறோம். ரைஃபிளை ஒரு பாகை சாய்த்தால் அந்த உயர்த்தலின் ஒரு பகுதி பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும்: 1000 கெஜத்தில் 18 செ.மீ. ஒரு பாகை சாய்வு கண்ணுக்குத் தெரியாது, அதுவும் சரிவான நிலத்தில். ஸ்கோப்பில் ஒரு குமிழ்மட்டம் பொருத்துங்கள். காற்று என்று பழி போட்டதில் பாதி இங்கே வந்து நிற்கலாம். இந்தக் கேள்வி-பதில் இழையிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தருவது இதுதான் என்பேன்.

மார்ச் 24

பூமி சுழல்வதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அளவைப் பாருங்கள். .308, 1000 கெஜம், 45 பாகை அட்சரேகை: வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் 8 செ.மீ. நிலநடுக்கோட்டில் பக்கவாட்டு விலகல் இல்லை, ஆனால் கிழக்கு நோக்கிச் சுட்டால் சுமார் 11 செ.மீ. மேலே, மேற்கு நோக்கிச் சுட்டால் அதே அளவு கீழே. குண்டின் சுழற்சியால் வரும் விலகல் இதை விடப் பெரிது, 20 செ.மீ.யைத் தாண்டும்.

ஆனால் இவை எல்லாமே ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவில் நடப்பவை. ஒரே திடலில், ஒரே திசையில் சுட்டால் ஜீரோ செய்யும்போதே (குண்டு விழும் இடத்தோடு ஸ்கோப்பைப் பொருத்தும்போதே) கரைந்துவிடும். குரூப்பை இவை பெரிதாக்குவதில்லை, நகர்த்த மட்டும் செய்கின்றன. ஸ்கோப்பின் திருகு சொன்ன அளவை விட இரண்டு சதவீதம் குறைவாக நகர்வதும் இந்த வகைதான். 36 எம்.ஓ.ஏ. ஏற்றும்போது 19 செ.மீ. தள்ளிப்போகும், ஆனால் எப்போதும் அதே 19. உயரமான காகிதத்தில் செங்குத்துக் கோடு வரைந்து ஒருமுறை சோதித்துவிட்டால் பிறகு அது பிரச்சினையே இல்லை.

மார்ச் 25

ஈரக் காற்று கனமானது, குண்டை அதிகம் தடுக்கும் என்பது உண்மையல்ல. நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்ஸிஜன் இரண்டையும் விட இலேசானது, அதனால் ஈரக் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவு. வேறுபாடு மிகச் சிறிது, விட்டுவிடலாம். வெப்பத்தையும் உயரத்தையும் விட முடியாது. கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் போல இறங்கும். சமவெளியில் எழுதிவைத்த உயர்த்தல் எண்கள் அங்கே மேலே சுடும்.

மார்ச் 30

எந்தக் குண்டு என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறீர்கள்: சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் மேட்ச்கிங். இதை முதல் நாளே கேட்டிருந்தால் பேச்சு இந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

168 மேட்ச்கிங் 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைக்கப்பட்ட குண்டு. 600 கெஜம் வரை அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதன் பின்பகுதி 13 பாகையில் குறுகுகிறது. ஒலிவேகத்தை நெருங்கும்போது, மேக் 1.2க்குக் (ஒலிவேகத்தின் 1.2 மடங்குக்கு) கீழே இறங்கியதும், அந்த வடிவத்தில் குண்டின் ஆட்டம் அடங்காமல் வளரத் தொடங்கும். .308இன் வேகத்தில் இது நிகழ்வது 1000 கெஜத்துக்கு முன்னாலேயே. இலக்குக் குழியில் (மதிப்பெண் குறிப்பவர்கள் இலக்கின் அடியில் இருக்கும் பள்ளத்தில்) இருந்தவர்களுக்குத் தெரியும், சில துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். குண்டு பக்கவாட்டில் சாய்ந்து வந்ததற்கு அதுவே சான்று. அதே நிறுவனத்தின் 175 கிரெய்ன் குண்டின் பின்பகுதி 9 பாகைதான், அந்த எல்லையை அமைதியாகக் கடக்கிறது.

உங்கள் குரூப் ஏறக்குறைய வட்டமாக இருந்ததற்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. ஆட்டம் போடும் குண்டு எல்லாப் பக்கமும் சிதறும். வெயில் நாளில் ஒலிவேகமும் கூடும், காற்றின் அடர்த்தியும் குறையும். இரண்டில் அடர்த்தி குறைவதன் பயன் பெரிது, அதனால் 168 சில நாள் ஒழுங்காகப் போய்ச் சேரும், குளிரான காலையில் கைவிடும். "ஒரு நாள் நன்றாகச் சுடுகிறது, மறுநாள் இல்லை" என்று புலம்பும் .308காரர்களில் பலர் இந்தக் குண்டைத்தான் வைத்திருக்கிறார்கள்.

குண்டை மாற்றுங்கள். மாற்றினால் வேகமும் உயர்த்தலும் புதிது, பழைய எண்களை அடித்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் பேரலின் ட்விஸ்ட் (ரைஃப்ளிங்கின் திருகல்) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 175 நிலைக்கும். இருந்தாலும் குளிரில் ஒருமுறை காகிதத்தில் துளையின் வட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 5

"உருப்பெருக்கம் 25 போதவில்லை, 60 வாங்கலாமா?"

பால்மா போட்டியில் 800, 900, 1000 கெஜத்தில் ஸ்கோப்பே கிடையாது. துளைப் பார்வையை வைத்து, தோள்வாரை இறுக்கி, குப்புறப் படுத்துச் சுடுகிறார்கள், அதுவும் .308இல். 1874இல் அமெரிக்காவின் கிரீட்மூரில் அமெரிக்க அணியும் ஐரிஷ் அணியும் இதே தூரங்களில் கரும்பொடியும் ஈயக் குண்டும் வைத்து மோதின. 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. ஐரிஷ் அணியில் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுவில் சுட்டார், அதற்கு மதிப்பெண் இல்லை. அந்த ஒரு குண்டு தன் இலக்கில் விழுந்திருந்தால் நான்கு கூடி முடிவே மாறியிருக்கும். அந்தக் காலத்து வேகத்தில் அந்தக் குண்டுகள் காற்றில் எவ்வளவு அலைந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

உருப்பெருக்கம் கூடினால் கானலும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பு சுருங்கும், பக்கத்துக் கொடி மறையும். நான் கானல் கொதிக்கும் நேரத்தில் குறைத்துக்கொள்கிறேன். பாரலாக்ஸ் திருகை மட்டும் ஒவ்வொரு தூரத்துக்கும் சரிபாருங்கள்: தலையை லேசாக அசைத்தால் குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நகரக் கூடாது.

ஏப்ரல் 12

கேட்டவரிடமிருந்து செய்தி. 175 குண்டு, பதப்படுத்திய கேஸ், குமிழ்மட்டம். மேல்-கீழ் 27, இடம்-வலம் 50. மகிழ்ச்சி, மனமாரச் சொல்கிறேன். ஒரே சமயத்தில் மூன்றையும் மாற்றியதால் எது எவ்வளவு கொடுத்தது என்று பிரிக்க முடியாது, போகட்டும். மீதம் இருப்பது காற்று. 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகைக்கு மாறினால் விலகல் கால் பங்கு போலக் குறையும், மாறலாம். ஆனால் கொடியைப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கால் பங்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஏப்ரல் 19

"1000 கெஜத் திடல் எப்போதாவதுதான் கிடைக்கிறது, காற்றை எங்கே பழகுவது?"

.22 ரிம்ஃபயரை எடுத்துக்கொண்டு 200 கெஜத்துக்குப் போங்கள். அங்கே காற்று தரும் கோண விலகல், .308இல் 600 கெஜத்தைத் தாண்டிக் கிடைப்பதற்கு நெருக்கமானது. தோட்டா மலிவு, தோள் வலிக்காது, தவறு உடனே காகிதத்தில் தெரியும். 50, 100, 150 கெஜத்தில் மெல்லிய நாடாக்களைக் கட்டுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும், ட்ரிகரைத் தொடும் முன், எவ்வளவு விலகும் என்று நினைக்கிறீர்களோ அதை நோட்டில் எழுதுங்கள். சுட்ட பிறகு விழுந்த இடத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். சுட்ட பிறகு ஊகத்தை எழுதினால் மனம் அதைச் சரிசெய்துவிடும், அதனால் வரிசை முக்கியம். ஸ்கோப்பைத் திருகாமல், ஒரே இடத்தைக் குறிவைத்தே முழுப் பெட்டியையும் சுடுங்கள். அப்போதுதான் காற்று செய்தது எல்லாம் காகிதத்தில் அப்படியே இருக்கும்.